அப்பாவுக்கு வந்த கட்டை

லாபிஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் விறகுக் கொட்டகைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது விறகை அல்ல. வாசல் தூணில் துருப்பிடித்த மெல்லிய கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கும் ஒரு கட்டையைத்தான். ஒரு முழ நீளம் இருக்கும். நாலு பக்கமும் சதுரமாக இழைத்த கட்டை. ஒரு முனை மட்டும் கருகியிருக்கும். நடுவில், இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொண்ட மாதிரி, பல்லுக்குப் பல் இணைத்து ஒட்டிய தடம் தெரியும். ஜொகூர் பாருவிலிருந்து கூடாரம் போட்டுத் தங்க வருகிற பிள்ளைகள், மூட்டை விறகைக் காரில் ஏற்றிக்கொண்டே, "அக்கா, இது கடைக்கு லோகோவா?" என்று கேட்பார்கள். கல்யாணச் சமையல்காரர் ஒருவர் திருஷ்டிக்குக் கட்டியது என்று தானே முடிவு செய்து, கும்பிட்டுவிட்டே போனார். நான் யாரையும் திருத்தியதில்லை. விலைக்குக் கேட்டவர்களிடம் மட்டும், "அது விக்கறதுக்கு இல்லைங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கட்டை எனக்கு வந்து சேரக் காரணமானவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நல்லவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இவரைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத மாட்டார்கள், அதனால் நானே எழுதுகிறேன்.

கட்டைக்கார அண்ணன் என்றுதான் எங்கள் வட்டாரம் முழுக்க அவரைச் சொல்லும். சாவு விழுந்த வீட்டுக்குப் பெட்டி, வேன், பந்தல், பூ, கடைசியில் சுடுகாட்டு விறகு, எல்லாமே அவர் பொறுப்பு. பெரிய டவுன்களில் இப்போது காஸில் எரிக்கிறார்கள். எங்கள் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் கிடக்கும் பழைய சுடுகாட்டில், இன்றும் விறகுதான். அவர் ஒரு வீட்டுக்குள் வருகிற விதமே தனி. செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றுவார். அழுதுகொண்டிருப்பவர்களுக்கு நடுவில், அந்த வீட்டில் இனி முடிவெடுக்கப்போகிற ஆள் யார் என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்து, அவர் தோளில் கை வைப்பார். "நீங்க போயி பசியாறுங்க, நான் பாத்துக்கிறேன்" என்பார். அந்த "நான் பாத்துக்கிறேன்"தான் அவருடைய முதலீடு. துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அதைவிட இனிப்பான வார்த்தை கிடையாது. அப்பா இறந்த அன்று காலையில் நானும் அந்த வார்த்தையில் சாய்ந்தேன். நன்றாகவே சாய்ந்தேன்.

அப்பா லோரி ஓட்டியவர். நான் ஒரே பிள்ளை. ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அம்மாவிடம் சொல்லிவிட்டார்: எனக்குக் கொள்ளி என் மகள்தான் வைக்க வேண்டும், பங்காளி வீட்டுப் பையனைத் தேடிக்கொண்டு அலையாதே என்று. அப்பாவின் அக்காவுக்கு, என் அத்தைக்கு, அது பிடிக்கவில்லை. "ஊரு ஒலகத்துல இல்லாத பழக்கம்" என்று வேனில் ஏறும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எங்கள் பக்கம் இப்போதெல்லாம் பெண்களும் சுடுகாடு வரைக்கும் வருகிறார்கள். வருவது ஒன்று, கொள்ளி வைப்பது வேறு என்பது அத்தையின் கட்சி.

குடத்தோடு சிதையைச் சுற்றி வந்தேன். குடத்தை உடைத்தேன். சிதையை அடுக்கியவர்தான் கொள்ளிக்கட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் சுடுகாட்டு வழக்கம். அண்ணன் எடுத்துக் கொடுத்தார். வாங்கியவர் சிதைக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய் நெருப்பை வைத்துவிட்டு, அப்படியே நடந்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போகிற உயிருக்குப் போக மனம் வராதாம். "நடம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர். நடந்தேன். எனக்கு முன்னால் சொந்தக்காரர்கள் எல்லோரும் வேனைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள்.

காய்ந்த விறகில் நெருப்பு பிடித்தால் பொரிகிற மாதிரி படபடவென்று ஒரு சத்தம் வரும். அன்று எனக்குப் பின்னால் வந்தது ஈரத்துணியை இஸ்திரி போடுகிற சத்தம். உஸ்ஸ் என்று இழுத்துக்கொண்டே இருந்தது. அப்புறம் அண்ணனின் தாழ்ந்த குரல், தன் வேலையாளிடம்: "டீசல எடுடா. டயரயும் உருட்டிட்டு வா. இரு, அவங்க வேன் ஏறட்டும்."

நான் திரும்பினேன்.

வெளிப்பக்கம் அழகாக நிறுத்தியிருந்த ரப்பர் பால்மரக் கட்டைகள் சரிந்து, உள்ளே இருந்தது தெரிந்தது. தண்ணீர் சொட்டுகிற செம்பனைத் தண்டுகள். அவற்றின் இடுக்குகளில் அள்ளிக் கொட்டிய சதுரச் சதுரமான பேக்டரித் துண்டுகள். அவை கருகிக்கொண்டிருந்தன, எரியவில்லை. ஓரங்களில் மட்டும் மெல்லிய பச்சை நிறத்தில் ஒரு நாக்கு வந்து வந்து போனது. நடுவில் அப்பாவின் வேட்டி, பாதி கருகி, பாதி வெள்ளையாக.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி குரலை உயர்த்தினார். "திரும்பக் கூடாதும்மா! இதுக்குத்தான் பெரியவங்க சொல்றது. பொம்பளப் புள்ள கையில நெருப்பு புடிக்காது லா. எத்தன சாவு பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

வேன் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது: "நான் அப்பவே சொன்னேன்ல, கேட்டாளா?" அங்கே இருந்தவர்களில் ஒருவர்கூடச் சிதையைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் அஸ்தி எடுக்கப் போனேன். அப்பாவின் எலும்பைப் பொறுக்க உட்கார்ந்தவள் டயர் கம்பியைத்தான் முதலில் பொறுக்கினேன். சாம்பல் முழுக்க மெல்லிய கம்பி, சிக்கு விழுந்த முடி மாதிரி. அதை ஒதுக்கி ஒதுக்கித்தான் அப்பாவை எடுக்க வேண்டியிருந்தது. சிதையின் ஓரத்தில், டீசலுக்கும் அசராமல், முனை மட்டும் கருகி ஒரு சதுரக் கட்டை கிடந்தது. அதை எடுத்து, ஒரு கம்பியால் சுற்றி, பைக்குள் போட்டுக்கொண்டேன். சுடுகாட்டுச் சாமான் எதுவும் வீட்டுக்கு வரக் கூடாது. அம்மா பார்த்தார். தூக்கிப் போடு என்று சொல்லவில்லை.

அந்தப் பச்சை நாக்கு என்னைத் தூங்கவிடவில்லை. நான் வேதியியல் படித்தவள். அப்போது கூலாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. பச்சைச் சுடர் எதனால் வரும் என்று முதல் வருஷத்துச் சோதனைக்கூடத்திலேயே பார்த்திருக்கிறேன். போரான். அதை ஏன் விறகில் வைத்தார்கள் என்பதுதான் புரியவில்லை. பத்து பாகாட் டவுனில் மரச்சாமான் செய்யும் இடத்தில் வேலை செய்கிற என் பள்ளித்தோழியிடம் கட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் கையில் வாங்கியதுமே சிரித்தாள்.

"அலாமாக், இத எங்கடி புடிச்ச? ரப்பர் பலகைய அறுத்த உடனே பூச்சி அரிக்காம இருக்க மருந்துத் தொட்டியில ஊறப் போடுவாங்க. இது தொட்டியில ரொம்ப ஊறிப்போன பலகைய இழைச்சு ஒட்டிட்டு, வேணாம்னு கழிச்ச சாமான். பாரு, உப்புப் பூத்திருக்கு. அடுப்புல வச்சா அடுப்பே அணைஞ்சிரும். யாராச்சும் லோரி கொண்டாந்து சும்மா அள்ளிட்டுப் போனா எங்க பாஸ் காப்பி வாங்கிக் குடுப்பாரு." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "எதுக்குடி கேக்கற?"

சொன்னேன். அவள் கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

குடும்பத்து வாட்ஸப் குழுவில் படத்தோடு எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். வரிசையாகக் கும்பிடுகிற கைகள் வந்தன. "விடும்மா." "போனவரு போயிட்டாரு, விடு." "மனச அமைதியா வச்சிக்கம்மா." அத்தை மட்டும் பெரிதாக எழுதியிருந்தார்: தன் கைக் குற்றத்தை அடுத்தவர் கட்டைமேல் போடக் கூடாது என்று. தமிழில் இருக்கிற சொற்களில் இந்த "விடு" மாதிரி சோம்பேறியான சொல் வேறு இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். அடி வாங்கியவனிடம்தான் அதைச் சொல்வார்கள். அடித்தவனிடம் யாரும் சொல்வதில்லை. கட்டைக்கார அண்ணனின் தொழிலே எதன்மேல் நின்றது என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மற்ற எந்தக் கடைக்காரனுக்கும் அந்த வசதி கிடையாது. இவருடைய வாடிக்கையாளர் சரக்கைத் திரும்பிப் பார்ப்பதே பாவம்.

அம்மாவைத் தனியாக விட முடியாமல் லாபிஸுக்குத் திரும்பி வந்தேன். வேலையை விட்டதற்கு அது பாதிக் காரணம். மீதிப் பாதி, விறகைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்கு ஒன்றில் இறங்கிவிட்டால் நடுவில் நிற்கத் தெரியாது. மறுநடவுக்கு மரம் சாய்க்கிற இடமெல்லாம் போய் நின்றேன். ஈரமானி வாங்கினேன். கோடாலி பிடித்துக் கை கொப்புளித்தேன். பழத்தோட்டம் வைத்திருக்கும் சீனத் தவுக்கேயிடம் விழுந்த மரங்களைக் கேட்டு வாங்கினேன். வகை வகையாகத் துண்டு போட்டு, பின்கட்டில் ஒவ்வொன்றாக எரித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவிடம், "புள்ளைக்கு ஏதும் மந்திரிக்கணுமா?" என்று அக்கறையோடு விசாரித்தார்.

ஒளிக்க என்ன இருக்கிறது, ஒவ்வொரு மரத்தையும் நான் கட்டைக்கார அண்ணனை வைத்துத்தான் படித்தேன். எந்தக் கட்டையைப் பார்த்தாலும், இதில் அவரைப் படுக்கவைத்தால் எப்படி எரிவார் என்றுதான் முதலில் தோன்றும். பால்மரத்தை வெட்டிய சூட்டோடு பிளந்து காற்றில் அடுக்க வேண்டும். நாளாக்கினால் நீலப் பூஞ்சை ஏறும், பூச்சி துளைத்து மாவாகக் கொட்டும். ஒழுங்காகக் காய்ந்தால் வெளிர் மஞ்சளாக, சொன்ன பேச்சைக் கேட்கிற விறகு. இதில் போகிறவர் மரியாதையாகப் போய்ச் சேருவார், ஆகவே அவருக்கு வேண்டாம். ரம்புத்தான் முரட்டு மரம். நார் முறுக்கிக்கொண்டு போகும். பச்சையிலேயே பிளக்காவிட்டால் பிறகு கோடாலியைத் திருப்பி அடிக்கும். ஆனால் அதன் கங்கு காலையில் வைத்தால் மதியம் தாண்டியும் கண் விழித்திருக்கும். டுரியான் பார்க்க ஆள் பெரிது, தூக்கினால் பஞ்சு. குபீரென்று எரிந்து காட்டிவிட்டுச் சாம்பலை மட்டும் குவிக்கும். இடுப்பு வரைக்கும் எரிந்துவிட்டு அணைந்துபோகும் என்று கணக்குப் போட்டு, நான் ரொம்ப நாள் அவருக்காக டுரியானைத்தான் ஒதுக்கி வைத்திருந்தேன். செம்பனை மரமே அல்ல. தண்ணீர் ஊறிய நார்க்கட்டு. அதைப் பிளந்து எரித்த அன்று அந்த இஸ்திரிச் சத்தம் மறுபடி கேட்டது. பாதியில் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டேன்.

ஆற்றோரத்து ரெங்காஸ் என்று ஒன்று இருக்கிறது. தெரியாமல் ஒருவரிடம் அந்த மரத்துண்டை வாங்கி வந்தேன். உள்ளே சிவப்பு, அப்படி ஒரு அழகு. பட்டையோரம் கறுப்பாகக் கசிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மறுநாள் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, கண் இரண்டும் மூடிக்கொண்டன. கிளினிக்கில் மலாய்க்காரத் தாதி என்னைப் பார்த்ததுமே "ரெங்காஸ்?" என்றார். அதன் பால் பட்டாலும் இப்படித்தான், எரித்தால் வருகிற புகை பட்டாலும் இப்படித்தான் என்றார். கண் திறக்க முடியாமல் படுத்திருந்த அந்த நாட்களில் கட்டைக்கார அண்ணன் வீட்டுக் கொல்லையில், புகை வீட்டுக்குள் போகிற மாதிரி காற்றுப் பார்த்து, ஒரு சின்ன ரெங்காஸ் நெருப்பை மனத்துக்குள் எத்தனையோ தடவை மூட்டினேன். சுகமாக இருந்தது.

மெல்ல மெல்ல விறகு விற்பனையாகவும் ஆனது. கல்யாணச் சமையல், சாத்தே கடை, மீன் சுடுகிற கடை, வார இறுதிக் கூடாரக்காரர்கள். மலாய்க்காரர்களின் கெண்டுரி விருந்துக்குச் சமைக்கும் ஒரு மக்சிக், வயதான அம்மா, நான் கொண்டுபோன முதல் கட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "பாசா லா", ஈரம் என்று திருப்பிக் கையில் கொடுத்தார். ஈரம் உள்ளே இருந்தால் கன்னத்தில் சில்லென்று படும். என் ஈரமானியும் அதையேதான் சொல்லியிருக்கும், ஆனால் நான் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். அன்றிலிருந்து கருவியும் வைத்துக்கொள்கிறேன், கன்னத்தையும் வைத்துக்கொள்கிறேன்.

போன வருஷம், ஒரு காலை நேரம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. குரலைக் கேட்டதும் உடம்பு கண்டுகொண்டது.

"அம்மா, நீங்க காஞ்ச விறகு வச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க. எங்கம்மா தவறிட்டாங்க. நாளைக்கு எடுக்கறோம். சிதை அடுக்கற வேலையும் நீங்களே பாத்துக் குடுத்தா நல்லாருக்கும்."

"நீங்க கட்டைக்கார அண்ணன்தான? ஊருக்கே நீங்கதான கட்டை குடுக்கறீங்க?"

போனோடு கூட்டத்திலிருந்து தள்ளிப் போகிற சத்தம் கேட்டது. பிறகு, மிகவும் தணிந்த குரலில்: "என் கட்டை வேணாம்மா. எங்கம்மாவுக்கு. நல்லதா குடுங்க."

ஒரு நீதிமன்றத்தில் நிறுத்திக் கேட்டிருந்தாலும் இவ்வளவு தெளிவாக அவர் சொல்லியிருக்க மாட்டார். "எந்த ஊட்டுப் பொண்ணும்மா நீங்க?" என்று கேட்டார். லோரிக்காரர் மகள் என்றேன். "எந்த லோரிக்காரரு?" என்றார். உண்மையிலேயே ஞாபகம் இல்லை. இத்தனை வருஷம் நான் தினமும் ஒருவரை எரித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தெரியவே தெரியாது. அந்த ஒரு கேள்விக்காகவே அவரை இன்னொரு தடவை எரிக்கலாம் போலிருந்தது.

கொட்டகையில் போய் நின்றேன். ஒரு பக்கம் காய்ந்த பால்மரமும் ரம்புத்தானும். மறுபக்கம் மழையில் நனைந்து கிடந்த டுரியான். வெளியே பால்மரத்தை நிறுத்தி உள்ளே டுரியானை வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். அழகாக இருந்தது. அவரிடமிருந்துதானே கற்றது. முதல் டுரியான் துண்டை லோரியில் தூக்கிப் போட்டும்விட்டேன்.

"அந்தக் கெழவி ஒனக்கு என்ன செஞ்சா?" என்றது பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

அந்தப் பாட்டியைச் சந்தையில் பார்த்திருக்கிறேன். கீரைக் கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்குவார். அவ்வளவுதான் தெரியும். டுரியான் துண்டை இறக்கி வைத்தேன். அம்மா என்கூட நின்று ரம்புத்தானைப் பொறுக்கிக் கொடுத்தார். ஒவ்வொரு கட்டையையும் கன்னத்தில் வைத்துப் பார்த்து ஏற்றினேன். அதைவிட நல்ல விறகை எந்த விருந்துக்கும் நான் அனுப்பியதில்லை. ஏற்றி முடித்துக் கதவைச் சாத்தும்போது அம்மா தூணருகே போனார். ஆணியிலிருந்து அந்தக் கட்டையைக் கழற்றி, முந்தானையால் தூசு துடைத்து, லோரியின் முன் இருக்கையில், என் பக்கத்தில் வைத்தார்.

"இதையும் கொண்டு போ" என்றார். "கொள்ளி நீதான எடுத்துக் குடுக்கணும்."

அப்பா போன பிறகு அம்மா அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா விட்டுவிட்டார் என்றே நான் நினைத்திருந்தேன்.

சுடுகாட்டில் நல்ல கூட்டம். ஊரில் பாதிப்பேருக்கு அவர் விறகு அடுக்கியவர், வராமல் இருப்பார்களா? அத்தையும் வந்திருந்தார். முன் வரிசையில், குடை பிடித்துக்கொண்டு. நானே அடுக்கினேன். அடியில் காற்றுப் போக வழி விட்டு, கனமான கட்டைகள் இரண்டு ஓரமும், நடுவில் மெல்லிய பிளவுகள். அண்ணன் தலையை மழித்து ஈர வேட்டியோடு குடத்தைத் தூக்கிச் சுற்றி வந்தார். அழுதுகொண்டிருந்தார். அது நடிப்பு இல்லை. குடம் உடைந்தது. என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். தூணில் தொங்கிய கட்டையின் கருகிய முனையில் கற்பூரத்தை ஏற்றி, அவர் கையில் கொடுத்தேன்.

அவர் கட்டைகளோடு வாழ்ந்தவர். முதலில் கைதான் தெரிந்துகொண்டது. சதுர விளிம்பு விரலில் பட்டதும் குனிந்து பார்த்தார். விரல் கோத்த தடத்தைப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்தார். லோரிக்காரர் யார் என்று அவருக்கு அப்போது தெரிந்துவிட்டது. ஆனால் கூட்டம் காத்திருந்தது. சிதைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கையைப் பின்னால் கொண்டுபோனார். கட்டை சாய்ந்ததில் கற்பூரம் சரிந்து மணலில் விழுந்து அணைந்தது. கட்டையின் ஓரத்தில் பச்சையாக ஒரு நாக்கு தலை காட்டிவிட்டுச் செத்தது. வெறும் புகை. அவர் இன்னும் அழுத்தி வைத்துப் பார்த்தார்.

"என்னண்ணே, புடிக்கலயா?" என்றார் அவருடைய தம்பி. கூட்டத்தில் யாரோ, "ஈரக் கட்டைய குடுத்துட்டாளா?" என்றார்கள். அத்தை குடையைச் சாய்த்து எட்டிப் பார்த்தார்.

எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி நான் குரலை உயர்த்தினேன். "ஆம்பளக் கைதானண்ணே? ஏன் புடிக்கல?"

அவர் திரும்பக் கூடாது. திரும்பவில்லை. முதுகு மட்டும் குறுகிக்கொண்டே போனது.

"கையில ஒரு குத்தமும் இல்ல" என்றேன். "அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. நீங்க கையில வச்சிருக்கறது எங்கப்பாவுக்கு நீங்க குடுத்த கட்டை. மருந்துல ஊறுன பேக்டரிக் குப்பை. டீசல் ஊத்தி, டயர் போட்டு எரிச்சீங்களே, அதுலயும் எரியாம மிச்சம் நின்னது. நீங்க சொல்லுங்கண்ணே, உங்க கட்டைதான?"

சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மழித்த தலை மேலும் கீழும் அசைந்தது. அவ்வளவுதான். அது போதும், அத்தை பார்த்துவிட்டார். அத்தையின் பார்வை சிதையிலிருந்து அவருக்குப் போய், அவரிடமிருந்து என் கைக்கு வந்து, அங்கே நிற்க முடியாமல் தரைக்குப் போனது.

அவர் கையிலிருந்து அந்தக் கட்டையை வாங்கிக்கொண்டேன். மெல்லிசாகப் பிளந்து வைத்திருந்த ரம்புத்தான் கட்டையைப் பற்றவைத்து நீட்டினேன். "இது என் கட்டை. புடிங்க." பின்னால் கொண்டுபோய் வைத்தார். வைத்ததும் படபடவென்று பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் தோள்கள் குலுங்கின. ஆனால் கால் நகரவில்லை. பிடித்தது என்று சத்தம் சொல்கிறது, உள்ளே நான் என்ன அடுக்கியிருக்கிறேன் என்று யார் சொல்வது? திரும்பிப் பார்க்க வேண்டும் போல அவர் கழுத்து துடித்ததை நான் பார்த்தேன். ஒரு மனிதர் அப்படித் துடிப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

"நடங்கண்ணே" என்றேன். "நான் பாத்துக்கிறேன்."

நடந்தார். வேன் வரைக்கும், அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு. நான் சொன்ன மாதிரியே பார்த்துக்கொண்டேன். கடைசிக் கங்கு வரைக்கும் நின்றேன். மறுநாள் அஸ்தி எடுக்க வந்தபோது வெள்ளைச் சாம்பலும் எலும்பும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஒரு கம்பிகூட இல்லை. அதைப் பார்த்தபோது அவர் அழுத அழுகை, அவருடைய தம்பி சொன்னார், சாவு விழுந்த அன்று அழுததைவிடப் பெரிதாம்.

இப்போதெல்லாம் எங்கள் சுடுகாட்டில் கொள்ளி வைப்பதற்கு முன் வீட்டு ஆட்கள் சிதைக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். கட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. கட்டைக்கார அண்ணன் இப்போது பெட்டியும் வேனும் மட்டும்தான் பார்க்கிறார். பேத்தி கல்யாணச் சமையலுக்கு அத்தை ஆள் அனுப்பி விறகு கேட்டார். நீங்களே வந்து பொறுக்கி எடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். வந்தார். பொறுக்கினார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். விறகுத்தூள் படும் அத்தை என்று கையை எடுத்துக்கொண்டேன்.

அவரும் வந்தார். தாயாருக்குக் கருமாதி முடிந்த பிறகு, தனியாக, மோட்டாரில். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார். இந்தத் தடவை தோளில் கை வைக்க வரவில்லை. அம்மா அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடிக்காமல் போனவர் அவர் ஒருவர்தான். கொட்டகை வாசலில் நின்று, தூணில் பழைய இடத்திலேயே, பழைய கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்த கட்டையைப் பார்த்தார். வியாபாரம் நடக்கிற இடம், வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படுகிற இடம்.

"அத எங்கிட்ட குடுத்துரும்மா" என்றார். "நான் கொண்டு போயி எரிச்சிடறேன்."

"எரியாதுண்ணே" என்றேன். "அதுக்காகத்தான் வச்சிருக்கேன்."